மாமா டிடெக்டட்: டவர் இல்லாத மலையில் ஒரு சோதனை

போன ஆடியில் கொல்லிமலை போயிருந்தபோது ஆகாய கங்கைப் படிகளை ஒரே மதியத்தில் இரண்டு தடவை இறங்கி ஏறினேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. அருவியில் என் மகளும் மச்சினன் குடும்பமும் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் மாமனாரும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் மாத்திரைப் பை கீழே போன பையனின் முதுகில். கோயில் பக்கம் ஒரே ஒரு சிம்முக்கு ஒன்றிரண்டு கோடு வந்து வந்து போனது. படியில் கொஞ்ச தூரம் இறங்கியதும் அதுவும் செத்துவிட்டது.

அங்கே ஆயிரத்துக்கு மேல் படிகள். பையை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தால், மாமா வண்டியில் இன்னொரு அட்டை மாத்திரை வைத்திருந்திருக்கிறார். போட்டும் முடித்துவிட்டார். "சொல்லலாம்னு போன் பண்ணினேனுங்க மாப்பிள்ளை, போகவே இல்லீங்க" என்றார். அதற்குள் மழை கட்டிக்கொண்டு வந்தது. "எல்லாரும் ஏறுங்கள்" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்வதற்காக மறுபடி இறங்கினேன்.

ஒரு வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அந்த வாரத்தில் ஆரம்பித்த வேலை இது.

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் பராமரிப்பு பார்க்கிறேன். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும். ரேடியோ தெரியாது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: வாக்கிடாக்கி. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்குள் வேலை செய்கிற கையடக்க செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. அதில் ஒரு ஜோடியை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். முன்னும் பின்னும் போகிற இரண்டு கார்களுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்காது. பேச்சு ஒரு தடவை தவறினால் போனது போனதுதான். எழுத்து என்றால் பெட்டியிலேயே இருக்கும், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பேசுகிற கருவியை விட்டுவிட்டேன்.

ஆன்லைனில் ஐந்து வாட் செட்டுகளும் கிடைக்கின்றன. அவற்றை உரிமம் இல்லாமல் கையில் வைத்து அனுப்புவது குற்றம். 2025இல் இந்த விற்பனையைக் கட்டுப்படுத்தவே தனியாக வழிகாட்டு விதிகள் வந்தன. முறையாகப் போகவேண்டும் என்றால் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி, அழைப்புக்குறி வாங்கவேண்டும். அதற்கு 12 வயது நிரம்பினால் போதும், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸும் வேண்டாம். என் மகள் எழுதலாம், நான்கூட எழுதலாம். மாமாவை எழுத வைக்க முடியாது. சாட்டிலைட் போன் பக்கமே போகக்கூடாது. துராயா, இரிடியம் செட்டுகளை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தாலே சிக்கல். வெளிநாட்டில் இருந்து வரும் உறவுக்காரர் கையில் சாட்டிலைட் செய்திக் கருவி இருந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம்தான் லோரா என்ற ரேடியோ முறையின் பேர் காதில் விழுந்தது. அதன் சூட்சுமத்தை மில் ஆளுக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். தறி ஓடுகிற கொட்டகையில் வேகமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்காது. அதே ஆள் ஒரே ஒரு எழுத்தை இழுத்து "ஓ..." என்று கூவினால் கடைசித் தறிக்காரன் திரும்பிப் பார்ப்பான். லோரா அதைத்தான் செய்கிறது. மெதுவாக, இழுத்து அனுப்புகிறது. அதனால் இரைச்சலுக்கு அடியில் கிடக்கிற சிக்னலைக்கூடப் பொறுக்கி எடுத்துவிட முடிகிறது. விலையாகக் கொடுப்பது வேகம். குரல் போகாது, படம் போகாது, சின்ன எழுத்துச் செய்தி மட்டும் போகும்.

இதன் மேல் ஓடுகிற இலவச மென்பொருள் மெஷ்டாஸ்டிக். சின்ன ரேடியோ போர்டில் இதை ஏற்றி, ப்ளூடூத் வழியாகப் போனோடு இணைத்தால், போன் செயலியில் தட்டுவது ரேடியோவில் போகும். சிம் வேண்டாம், டவர் வேண்டாம். ஒரு போர்டு அனுப்பிய செய்தியை இன்னொரு போர்டு வாங்கித் தானாக அடுத்ததற்குத் திருப்பி அனுப்பும். வழக்கமான அமைப்பில் மூன்று கை மாறும். அந்தத் "திருப்பி அனுப்புதல்"தான் மலையில் சோறு போடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. முதலில் நான் அதைச் சட்டை செய்யவில்லை.

865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையை 2005இலேயே இந்தியாவில் உரிமத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். 2021இல் 868 வரை நீட்டினார்கள். ஒரு வாட் வரை அனுப்பலாம், அலைப்பட்டை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். என் போர்டின் சக்தி அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே சக்தியில் பிரச்சினை இல்லை. அகலத்தில்தான் கவனிக்க ஒன்று இருக்கிறது. மெஷ்டாஸ்டிக்கில் முதலிலேயே வருகிற "லாங் ஃபாஸ்ட்" அமைப்பு 250 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். "லாங் மாடரேட்" 125தான். நான் இரண்டாவதை வைத்தேன். மெதுவானது, ஆனால் விதிக்குள் அடங்குகிறது, தூரமும் கொஞ்சம் கூட.

ஹெல்டெக் வி3 போர்டு மூன்று வாங்கினேன். ஒன்று இரண்டாயிரத்துச் சொச்சம். வாங்கும்போது 868 பக்கம் வேலை செய்கிற வகைதானா என்று பார்க்கவேண்டும், 433 வகையும் அதே முகத்தோடு விற்கிறது. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் வயர்லெஸ் சாதனத்துக்கு டபிள்யூ.பி.சி. என்ற, அலைவரிசைகளைக் கவனிக்கிற மத்திய அரசுப் பிரிவின் ஒப்புதல் கேட்டு சுங்கத்தில் நிற்கலாம் என்பதால் உள்ளூர் விற்பனையாளரிடமே வாங்கினேன்.

ஆண்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுக்காதே என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அனுப்புகிற சக்தி போக வழியில்லாமல் திரும்பி வந்து சிப்பைக் கெடுத்துவிடும். போர்டோடு வந்த ஆண்டெனா விரல் நீளச் சுருள். கூடவே நானே ஒன்று செய்யலாம் என்று ஆசை. கணக்கு சுலபம்: 300ஐ 866ஆல் வகுத்தால் அலைநீளம் 34.6 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 8.65. கம்பியில் கொஞ்சம் குறைத்து 8.2 சென்டிமீட்டரில் ஒரு நேர்க்கம்பி. கீழே தரைக்குப் பதிலாக 9 சென்டிமீட்டரில் நாலு கம்பி, 45 பாகை சாய்த்து. முக்காலி மேல் குச்சி நட்ட மாதிரி இருக்கும்.

கோயமுத்தூர் பக்கத்தில் செம்புக் கம்பிக்கா பஞ்சம்? தெருவுக்கு ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. தெரிந்த கடையில் பழைய சுருளில் இருந்து இரண்டு மில்லிமீட்டர் கம்பி ஒரு முழம் சும்மாவே கொடுத்தார்கள். அதில்தான் முதல் சறுக்கல். மோட்டார் கம்பிக்கு மேல் எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தினம் பார்க்கிற வேலை. ஆனாலும் நாலு கம்பியில் இரண்டைச் சரியாகச் சுரண்டவில்லை. ஈயம் மேலே அழகாக உருண்டு உட்கார்ந்திருந்தது, உள்ளே தொடர்பு இல்லை. மல்டிமீட்டரை வைத்தபோது பீப் வரவில்லை. சரி, சுரண்டி மறுபடி வைத்தேன். அரை மணி நேரம்.

இரண்டாவது சறுக்கல் இரண்டு வாரம் தின்றது. போர்டில் ஆண்டெனாவுக்கு இருப்பது ஐபெக்ஸ் என்கிற பொடி சாக்கெட். சட்டைப் பிரஸ் பட்டன் மாதிரி அழுத்தினால் ஏறும். நாலைந்து தடவைக்கு மேல் கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும் என்று பயந்து, அதிலிருந்து ஒரு சின்ன ஒயர் வைத்துப் பெட்டிக்கு வெளியே திருகு கனெக்டர் கொண்டுவந்தேன். இரண்டு பெட்டிக்கும் ஆண்டெனா திருகியாகிவிட்டது. ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு மற்றதோடு தெருவில் நடந்தால், முந்நூறு மீட்டரில் செய்தி நின்றுவிடுகிறது. பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயில்வரைகூடப் போகவில்லை. மென்பொருளை அழித்து ஏற்றினேன். சேனலை மாற்றினேன். ஆண்டெனாவை ஒரு மில்லிமீட்டர் வெட்டினேன், அப்புறம் இன்னொரு மில்லிமீட்டர். வீட்டுக்காரி, "அது என்னங்க நாளுக்கு நாள் குட்டையாகுது?" என்று கேட்ட அன்றைக்குத்தான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில்லில் கேபிள் பார்க்கிற மாதிரி முனையிலிருந்து முனைவரை மீட்டர் பிடித்தேன். ஐபெக்ஸின் நடு ஊசியில் ஒரு கம்பி, ஆண்டெனா உச்சியில் ஒரு கம்பி. பீப் இல்லை. கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டு பக்கமும் நடுவில் ஓட்டை. ஒரு பக்கம் ஊசி இருக்கவேண்டாமா? எஸ்.எம்.ஏ. என்ற கனெக்டருக்கு ஆர்.பி. எஸ்.எம்.ஏ. என்று ஒரு பங்காளி உண்டு. வைஃபை பெட்டிகளில் வருவது அது. மரையெல்லாம் அச்சு அசலாக ஒன்றே, திருகினால் கடைசிவரை ஏறும், ஆனால் நடு ஊசியும் ஓட்டையும் இடம் மாறியிருக்கும். நான் ஒயரை ஒரு வகையிலும் ஆண்டெனா கனெக்டரை இன்னொரு வகையிலும் வாங்கியிருக்கிறேன். இரண்டு வாரமும் ஆண்டெனா இல்லாமலேதான் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. சிப் போகாதது என் அதிர்ஷ்டம். சரியான ஒயர் மாட்டியதும் பிள்ளையார் கோயிலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனது. கனெக்டர் வாங்குகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கி நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பெயரை நம்பவேண்டாம்.

பேட்டரிக்கு 18650 வகை செல், 2600 மில்லியாம்பியர்-மணி. பழைய லேப்டாப்பில் இருந்து பிரித்த செல்களைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போட்டேன், பாதி நாளில் படுத்துவிடுகின்றன. மலைக்குக் கொண்டுபோகிற பொருளில் அந்தச் சிக்கனம் வேண்டாம். பெட்டிக்கு, போர்வெல்லுக்குப் போட்டது போக மிச்சமிருந்த பி.வி.சி. பைப்பை ஒரு சாண் வெட்டி இரண்டு பக்கமும் மூடி போட்டேன். மழைக்கும் அசையாது, விழுந்தாலும் உடையாது. பெருமையாகத்தான் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால்.

இனி மாமா விஷயம். செயலி, ப்ளூடூத் எல்லாம் எங்களுக்குச் சரி. மாமாவின் போன் பொத்தான் போன். அதை மாற்றுகிற பேச்சே இல்லை. எனவே மாமாவின் பெட்டி போன் இல்லாமல் தனியாக நிற்கவேண்டும். மெஷ்டாஸ்டிக்கில் "டிடெக்ஷன் சென்சார்" என்று ஒரு வசதி இருக்கிறது. கதவு திறந்தால், தண்ணீர் வந்தால் செய்தி அனுப்புவதற்கானது. போர்டில் ஒயர் மாட்டுகிற ஊசிகளில் (பின்) காலியாக இருக்கிற ஒன்றில் சுவிட்ச் மாட்டினால், அது அழுந்தும்போது நாம் வைத்த பெயரோடு "டிடெக்டட்" என்ற ஆங்கிலச் சொல் சேர்ந்து எல்லோருக்கும் போகும். எலக்ட்ரிகல் கடையில் காலிங் பெல் சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்டினேன். மாமாவுக்கு அது பழக்கப்பட்ட பொருள், சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை.

என்ன பெயர் வைப்பது என்பதில் வீட்டில் சண்டை. என் மகளுக்கு அவர் அப்புச்சி. மச்சினன் மகனுக்கு அப்பாரு. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சாயத்தைத் தீர்த்தது போர்டுதான். அந்தப் பெயருக்கான இடம் மொத்தமே 20 பைட். தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். உயிர்மெய்யில் மெய்க்கு மூன்று, கொம்புக்கோ காலுக்கோ தனியாக மூன்று, புள்ளிக்கும் மூன்று. அப்புச்சிக்கு 27 பைட், உள்ளேயே போகாது. அப்பாருக்கு 21. ஒரே ஒரு பைட்டில் தோற்றதை அந்தப் பையன் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா" 12 பைட்டில் அமர்ந்துகொண்டது. முதல் சோதனையில் என் போனில் வந்த செய்தி "மாமா டிடெக்டட்". காணாமல் போனவர் கிடைத்துவிட்ட மாதிரி.

இந்த மூன்று பைட் கணக்கு செய்தி அனுப்பும்போதும் கடிக்கும். ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட் இடம். "மழை வருது மேலே வாங்க" என்று தமிழில் அடித்தால் 54 பைட், அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் 26. இடம் போதாமல் போகாது. ஆனால் லாங் மாடரேட்டில் அந்தத் தமிழ் வரி காற்றில் ஏறி இறங்க மூன்று விநாடிக்குப் பக்கம் ஆகிறது. நடுவில் ஒரு பெட்டி திருப்பி அனுப்பினால் அது ஆறு. அந்த நேரத்தில் இன்னொருவர் அனுப்பினால் இரண்டும் முட்டிக்கொள்ளலாம். அதைவிட, பெட்டியின் சின்னத் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை. போனில் தமிழாகவே தெரியும், மாமாவின் பெட்டியில் ஏதோ புழு ஊர்ந்த மாதிரி குறிகள் வரும்.

எனவே எண்களுக்கு மாறினோம். பழைய பேஜர் காலத்து வேலைதான். 1 என்றால் வந்து சேர்ந்தாகிவிட்டது. 2 என்றால் நின்றிருக்கிறோம், கவலையில்லை. 3, கிளம்புகிறோம். 4, எல்லோரும் மேலே வாருங்கள். 5, உடனே ஆள் வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாமா பெட்டியின் முதுகில் ஒட்டினேன். ஒற்றை எண் ஒரு விநாடிச் சொச்சத்தில் போய்விடுகிறது. செய்தி வந்தது தெரிய ஒரு பஸ்ஸர் வேண்டும். போர்டின் பின்னில் நேராக மாட்டாமல் நடுவில் ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டரும் ஒரு கிலோ ஓம் மின்தடையும் வைத்தேன். பின்னிடம் அவ்வளவு கரண்ட் உறிஞ்சக்கூடாது.

சேனலுக்குச் சொந்தமாகப் பெயரும், மற்றவர் படிக்காதபடி செய்தியைப் பூட்டுகிற சாவியும் வைத்தாகவேண்டும். முதலில் இருந்தே வருகிற சாவி ஊருக்கே தெரிந்தது. பூட்டாத கதவு. நம்முடையதை உருவாக்கி, கியூ.ஆர். குறியீட்டை மற்ற போன்களில் காட்டினால் எல்லாப் பெட்டியும் ஒரே அமைப்புக்கு வந்துவிடும். அத்தோடு எல்லாப் பெட்டியையும் சாதாரண "கிளையன்ட்" ஆகவே விட்டுவிடுங்கள். "ரவுட்டர்" என்று ஒரு தேர்வு கண்ணில் படும். பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு நான் மூன்றையும் ரவுட்டராக்கி, மூன்றும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கத்தியதுதான் மிச்சம்.

வீட்டு மொட்டை மாடியிலிருந்து சென்னிமலை தெரியும். பெருந்துறையில் இருந்து பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர். ஒரு பெட்டியை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் கட்டிவிட்டு, கிருத்திகை இல்லாத சாதாரண நாளாகப் பார்த்து மலைக்குப் போனேன். அடிவாரத்தில், போர்வைக் கடைகள் பக்கத்தில் எதுவும் இல்லை. 1320 படியில் பாதி ஏறும்வரை எதுவும் இல்லை. வடக்குப் பக்கம் திறந்து தெரிகிற ஒரு இடத்தில் நின்றதும் பெட்டி கத்தியது. மகள் வீட்டிலிருந்து "1, 1, 1" என்று காலையில் இருந்து அனுப்பியதில் ஒன்று. சிக்னல் அளவு மைனஸ் 108 டிபிஎம், மெலிந்த சிக்னல்தான். அந்தப் பக்கம் இரண்டடி நகர்ந்து மண்டபத் தூணுக்குப் பின்னால் போனால் இல்லை. திரும்பி வந்தால் இருக்கிறது. பதின்மூன்று கிலோமீட்டர் போகிற சிக்னலை இரண்டடித் தூண் மறைக்கிறது. ஊரில் முந்நூறு மீட்டருக்கு அழுத நான், அங்கே நின்று கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அடிவாரத்தில் கிடைக்காததற்கும் காரணம் அதுதான். நேர்கோடு மட்டும் போதாது. அந்தத் தூரத்துக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றி முப்பது மீட்டருக்கு மேல் வெட்டவெளி வேண்டும். நம் பக்கம் தென்னந்தோப்பே அதைத் தின்றுவிடும்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி கொல்லிமலை. இரண்டு வண்டி. திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்புமுன் எல்லோர் போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் திறக்கச் சொன்னேன். டவர் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் வேண்டியதில்லை, அது வானத்தில் இருந்து வாங்குகிற வேலை. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்தால் போதும். இன்னொன்று: அவசரம் என்றால் மோடை எடுத்துவிட்டு 112 அடிக்கவேண்டும். நம் சிம்முக்குக் கோடு இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் அதன் வழியாகப் போய்விடும். பெட்டி இருக்கிறதே என்று இதை மறக்கக்கூடாது. அப்புறம் பெட்டியே இல்லாவிட்டாலும் பொருந்துகிற ஒரு பேச்சு: எந்தச் செய்தி வந்தாலும் வராவிட்டாலும் மதியம் ஒன்றரைக்கு எல்லோரும் கோயில் வாசலில்.

முப்பதாவது வளைவு தாண்டியபோது பின் வண்டியில் இருந்து 2 வந்தது. பையன் வாந்தி எடுத்திருக்கிறான். முன்னால் அகலமான இடம் பார்த்து நாங்களும் ஒதுங்கினோம். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் போன தடவை இதே மாதிரி நின்ற வண்டியைத் தேடி நான் எட்டு வளைவு திரும்பி இறங்கினேன்.

அருவிக்கு டிக்கெட் வாங்குகிற இடத்தில்தான் பி.வி.சி. பைப்பின் பெருமை தீர்ந்தது. பையில் இருந்து எட்டிப் பார்த்த பைப்பையும், இரண்டு பக்க மூடியையும், உள்ளிருந்து வருகிற ஒயரையும் பார்த்துவிட்டு அங்கிருந்தவர், "என்னங்க இது?" என்று கேட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பார்க்க வெடிகுண்டு. நான் மாதக்கணக்காக அதைக் கையில் வைத்துக் கொஞ்சியதில் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. மூடியைத் திறந்து காட்டி, மாமாவை விட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லி, என் போனில் "மாமா டிடெக்டட்" வருவதைக் காட்டியதும் சிரித்துவிட்டு விட்டார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கண்ணாடி மாதிரி தெரிகிற டிபன் டப்பாவுக்கு மாற்றி, மேலே என்ன பொருள் என்று தமிழில் எழுதி ஒட்டினேன். நீங்கள் முதலிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

சரி, படி. மாமா கோயில் பக்கம் தன் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டார். என் கையில் ஒன்று, மச்சினன் கையில் ஒன்று. இறங்க இறங்க ஒவ்வொரு ஐம்பது படிக்கும் 1 அனுப்பினேன். முதல் இருநூறு சுத்தமாகப் போனது. அப்புறம் ஒன்று விட்டு ஒன்று. படி ஒரு பாறையைச் சுற்றித் திரும்பிய இடத்தில் மொத்தமாக நின்றுவிட்டது. பின்னால் திரும்பி ஐந்து படி ஏறினால் போகிறது, இறங்கினால் இல்லை. சென்னிமலைத் தூணின் பெரியண்ணன் அந்தப் பாறை. இரண்டு பெட்டியும் கீழேயே வருவதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே பள்ளத்தில் இரண்டு பேர் நின்று கத்துகிறோம்.

அதே இடத்தில் அத்தையின் முழங்காலும் நின்றுவிட்டது. "நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் இங்கயே குந்திக்கறேன்" என்று திருப்பத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். அந்தச் சுவரில் இருந்து மேல் பக்கச் சரிவும் தெரிந்தது, கீழ்ப் பக்கமும் கொஞ்சம் திறந்திருந்தது. மச்சினன் பெட்டியை வாங்கி அத்தையின் மஞ்சப்பையில், ஆண்டெனா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். "இதை மடியில வெச்சுட்டு இருங்க அத்தை, ஒண்ணும் பண்ணவேண்டாம்."

அருவிக்குப் போய் 1 அனுப்பினேன். அடுத்த சில விநாடியில் "மாமா டிடெக்டட்". சாரல் தெறித்த திரையை வேட்டியில் துடைத்துத் துடைத்து நான் அதை நாலு தடவை படித்தேன்.

அரை மணி கழித்து எதுவும் போகவில்லை. பேட்டரியா, நனைந்துவிட்டதா, கனெக்டர் மறுபடியுமா என்று எல்லாச் சந்தேகமும் வந்தது. இருபது நிமிடம் அப்படியே. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. ஏறி வரும்போது விசாரித்தால், நாமக்கல் பக்கத்து அம்மா ஒருவர் பேச்சுக்குக் கிடைத்திருக்கிறார். வெயில் பட்டதால் இரண்டு பேரும் பாறை நிழலுக்கு நகர்ந்து அன்னாசிப்பழம் சாப்பிட்டிருக்கிறார்கள். மஞ்சப்பையும் கூடவே போயிருக்கிறது. நடுவில் நின்று திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் வெயில் சுட்டால் நகரும் என்று எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை.

மரத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு வரலாமே என்று மச்சினன் கேட்டான். காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் கட்டி வைக்கக்கூடாது, அதுவும் பேட்டரி உள்ள பொருளை. குரங்கு வேறு விடாது. முழங்கால் வலிக்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் எந்தப் படியில் உட்காருகிறார் என்பதை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

மாமா அன்றைக்கு மொத்தம் ஒன்பது தடவை டிடெக்ட் ஆனார். அதில் ஒன்றுகூட அவசரம் இல்லை. ஒரு அழுத்தலுக்கும் அடுத்ததற்கும் 45 விநாடி இடைவெளி விடும்படி மென்பொருளிலேயே இருக்கிறது, இல்லாவிட்டால் இன்னும் கூடியிருக்கும். ஒன்றரை மணிக்கு எல்லோரும் வாசலில் இருந்தோம். மணி பார்த்து வரவில்லை, மாமா அழைத்துக்கொண்டே இருந்ததால் வந்தோம்.

காலை ஐந்துக்குப் போட்ட பேட்டரி ராத்திரி எட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்தது. இந்த வகைப் போர்டு கரண்ட் கொஞ்சம் அதிகமாகவே குடிக்கும். இரவு தங்குகிற மாதிரி வால்பாறையோ கடம்பூர் மலையோ போவதானால் நடுப் பெட்டியை மட்டும் குறைந்த கரண்டில் ஓடும் என்.ஆர்.எஃப்.52 சிப் போர்டுக்கு மாற்றவேண்டும். டிபன் டப்பாவில் ஒயர் வெளியே வருகிற ஓட்டையில் எம்-சீல் வைத்ததில் விரிசல். அதற்கு ரப்பர் கிளாண்டு சொல்லியிருக்கிறேன்.

அத்தைதான் போன வாரம் ஒரு பஞ்சாயத்தைக் கிளப்பினார். "அவருக்கு மட்டும் பொத்தான் வெச்சுக் குடுத்தீங்க. மடியில வெச்சுக் காத்தது நானு. எனக்கு இல்லீங்களா மாப்பிள்ளை?"

எண்ணிப் பார்த்தேன். அத்தைக்கு 15 பைட். இடம் இருக்கிறது.